ஈறில் தங்கிய உமி

பலராமனின் ஈறில் முளைத்த கட்டி மாதக்கணக்காகியும் வற்றவில்லை. யாரோ சொன்னதுபோல் டி.பி.யாக இருந்தால் வீட்டில் மற்றவர்களுக்கும் ஒட்டுமே என்று பயந்து, தனக்கென்று தனித்தட்டும் சொம்பும் வைத்துக்கொண்டான். மனைவி எல்லம்மாள்தான் திட்டித் தீர்த்து, கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ் ஏற்றி, தானும் கூடப் போனாள். அங்கே ஆஸ்பத்திரியில் கட்டியை அறுத்தெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா சிரித்தார். "டி.பி. இல்லீங்க, கேன்சரும் இல்ல. உமி ஒண்ணு ஈறுக்குள்ள குத்தி நின்னுடுச்சு. உடம்பு அதைச் சுத்திக் கட்டி கட்டிடுச்சு. நெல்லு கடிப்பீங்களா?"

"கடிக்காம காஞ்சிதா இல்லையானு எப்டிம்மா தெரியும்?"

"இனிமே கடிக்காதீங்க."

ஊர் திரும்பியதும் நேரே களத்துக்குப் போனார்கள். காயப்போட்டிருந்த நெல்லில் ஒன்று, பழக்கதோஷத்தில் பலராமனின் வாய் வரை போய்விட்டது. எல்லம்மாள் வெடுக்கென்று பிடுங்கித் தன் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தாள்.

"இன்னொரு வெயில் காயணும்" என்று உமியைத் துப்பினாள்.

பிறகு களத்தோரம் இருந்த அவனுடைய தனிச்சொம்பை எடுத்து, வாய் வைத்தே தண்ணீர் குடித்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.