பித்தளைச் சங்கிலி

மதுரை ஆஸ்பத்திரியில் குணமாகி, 1959 ஆடியில் எம். புதுப்பட்டியில் வெள்ளைத்தாய் வந்து இறங்கியபோது, பட்டாசுக் கம்பெனி வாசல் கல்தூணில் வெள்ளைத்தாய் ஏற்கெனவே கட்டுண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் வந்தவள் தலைவாரிப் பொட்டு வைத்திருந்தாள். தூணில் இருந்தவள் தலைவிரி கோலமாகக் காற்றிடம் பேசிக்கொண்டிருந்தாள். மற்றபடி மூக்குத்தி வரைக்கும் ஒன்றுதான். அந்த வாரம் விருதுநகரில் மிளகாய் வத்தல் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

இரண்டு வருசத்துக்கு முன்புதான் வெள்ளைத்தாயின் காதுக்குள் ஆட்கள் பேசத் தொடங்கினார்கள். அவள் குடித்த செம்பில் குடித்தால் ஒட்டிக்கொள்ளும் என்று ஊர் கண்டுபிடித்தது. அவள் பார்த்தால் பயிர் கருகும் என்றார்கள். மழையே பெய்யாத வருசம் பயிர் கருகியதும் அது நிரூபணமாயிற்று. பேய் என்று வேப்பங்குழையால் அடித்தார்கள். போகாததால் இன்னும் கொஞ்சம் அடித்தார்கள். கடைசியில் கம்பெனித் தூணில் கட்டிப்போடுவதென்று முடிவானபோது கம்பெனி போர்மேன் ரத்தினசாமி, இரும்புச் சங்கிலி ஆகாது என்று மறித்துவிட்டார். வெடிமருந்து புழங்கும் இடத்தில் இரும்பு உரசினால் பொறி பறக்கும். ஆகவே வீட்டுக்கொரு பித்தளைப் பாத்திரம் வாங்கி உருக்கிச் சங்கிலி செய்தார்கள். அவள் குடித்த செம்புதான் முதலில் உலைக்குப் போனது. அத்தனை ஜாக்கிரதையான ஊர்.

கணுக்கால் புண்ணானதும் புருசன் கண்ணுச்சாமி பூட்டை உடைத்து அவளை மதுரைக்குக் கொண்டுபோனான். மறுநாள் காலையிலும் தூணில் வெள்ளைத்தாய் கட்டுண்டு இருந்தாள். ஊர் அதிசயப்படவில்லை, அவள் போனதைத்தான் யாரும் நம்பவில்லை.

மாத்திரை தின்றால் குரல்கள் அடங்கின. மாத்திரை வாங்கக் கூலி வேண்டும். பட்டாசுக் குழாயில் வெடிமருந்து அடைக்கும் பழைய வேலையைக் கேட்டு அவள் ரத்தினசாமி முன்னால் போய் நின்றாள்.

“அண்ணாச்சி, நான் வெள்ளைத்தாய்.”

“வெள்ளைத்தாய் அங்கன கட்டிக் கெடக்கா. நீ யாரு தாயி?”

“அது நானில்ல அண்ணாச்சி. அவள அவுத்து விடுங்க.”

“அவுத்துட்டா ஊருல ஒரு பைத்தியத்துக்கு எங்க போறது? பேரச் சொல்லுத்தா, தீவாளி ஆர்டர் அம்புட்டுக் கெடக்கு.”

அவள் தூணை ஒருதரம் பார்த்தாள். “அய்யம்மாள்” என்றாள்.

கை சுத்தம், வாய் அடக்கம் என்று அய்யம்மாளை ஊரே மெச்சியது. அவள் குடித்த செம்பில் குடித்தார்கள். பெண்டாட்டி பைத்தியமாகிப்போன கண்ணுச்சாமிக்கு அவளையே இரண்டாந்தாரமாகக் கட்டிவைத்துப் புண்ணியம் தேடிக்கொண்டார்கள். சகுனம் கெட்டுவிடாமல், தாலி கட்டி முடியும்வரை தூணைச் சாக்கால் மூடிவைத்தார்கள். தூணில் இருப்பவள்மேல் பிள்ளைகள் கல்லெறிந்தால் அய்யம்மாளுக்கு நெற்றி வீங்கும். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மோர் கொடுத்துத் தேற்றுவார்கள், கல்லெறிந்த பிள்ளைகளின் தாய்மார்கள்.

தூணில் இருப்பவளுக்கு வயது ஏறவில்லை. பித்தளைதான் கறுத்துப்போகும். வருசந்தவறாமல் தீபாவளிக்கு முன்பு அய்யம்மாள் புளியும் சாம்பலும் கொண்டுபோய், அவள் தலையை வாரிவிட்டு, சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் துலக்குவாள்.

“பைத்தியத்துக்கு இம்புட்டுச் செய்ய யாருக்கு மனசு வரும்!” என்பார் ரத்தினசாமி.

சங்கிலி நல்ல பளபளப்பு. பஸ்ஸில் வருபவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.