கட்டைவிரலில் ஒரு புள்ளி

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது. புற்றுக்கட்டிகளின் மரபணுவைப் படிப்பதுதான் என் பிழைப்பு. பிரிஸ்பேன் வெயிலில் தோலில் கறுப்புக் கட்டி வராத தெருவே கிடையாது. பகலெல்லாம் அந்தக் கட்டிகளோடு உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று என் மச்சங்களை அளப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருண்டதெல்லாம் கட்டி.

இவ்வளவு பயந்தவள், பயப்பட வேண்டிய அன்றைக்குப் பயப்படாமல் இருந்துவிட்டேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்த கட்டியில் ஒரு துண்டு எங்களிடம் வரும். பேர் இருக்காது, எண் மட்டும்தான். அதன் செல்களை வளர்த்து, ஊசியில் ஏற்றி, எதிர்ப்புச் சக்தி இல்லாத எலியின் தோலுக்கடியில் போடுவோம். அங்கே கட்டி மறுபடி வளர்ந்தால் மருந்துகளைச் சோதித்துப் பார்க்கலாம். அன்றைக்கு எலி ஒரு துள்ளு துள்ளியது. ஊசி கையுறையைத் துளைத்துக்கொண்டு என் இடது கட்டைவிரலில் இறங்கிவிட்டது.

"எலிக்குப் போட வேண்டியத நீயே போட்டுக்கிட்டியா? அதோட சாப்பாட்டையும் விட்டுவைக்க மாட்டே போலிருக்கே!" என்றான் பக்கத்து மேஜை டார்சி. கிண்டல் செய்துகொண்டே என் கையைக் குழாயடியில் பிடித்துக் கழுவிவிட்டதும் அவன்தான்.

ரத்தத்தில் கிருமி எதுவும் தொற்றவில்லை என்றார் டாக்டர். செல்களைப் பற்றி அவரும் கவலைப்படவில்லை, நாங்களும் படவில்லை. வேறொருவர் செல் நம் உடம்பில் நிலைக்காது; அந்நியன் நுழைந்தால் உடம்பு அடித்துத் துரத்திவிடும். இது எங்கள் தொழிலில் பாலபாடம். 'உன் சொந்தச் செல்லை மட்டும் ஊசியில் ஏற்றாதே, அதை உடம்பு துரத்தாது' என்று இன்னொரு பாடமும் உண்டு. சொந்தச் செல்லை எவள் ஏற்றப்போகிறாள் என்று நாங்கள் யாரும் அதை மதித்ததில்லை.

சில வாரம் கழித்து அந்தக் கட்டியின் மரபணுவைப் படித்தோம். கட்டியைப் படிக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஆரோக்கியமான ஓர் ஆளின் ரத்தத்தையும் வைத்துப் படிப்பது வழக்கம், கருவி ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்த ரத்தம் எப்போதும் என்னுடையது. டார்சி தனக்கு ஊசி என்றாலே மயங்கி விழுவான்.

முடிவு வந்தது. கட்டியும் ரத்தமும் ஒரே ஆளுடையது என்றது கருவி.

"உன் ரத்தத்த கட்டியில சிந்தித் தொலைச்சிருக்கே. நகரு, நான் பண்றேன்" என்றான் டார்சி. உறைநிலையில் வைத்திருந்த மிச்சத் துண்டை எடுத்து, என்னை அறைக்குள்ளேயே விடாமல், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தான். வெளியே வந்தபோது அவன் வாயில் கிண்டல் இல்லை.

"மெரின், மரபணுவுல கட்டி கெடுத்து வச்ச எடங்களத் தள்ளிட்டுப் பாத்தா மிச்சமெல்லாம் நீதான். உன் உடம்புலேர்ந்து யாராவது கட்டி எடுத்தாங்களா?"

"எடுத்தா எனக்குத் தெரியாதாடா?"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே பதில் தெரிந்துவிட்டது. என்னை அப்படியே உரித்து வைத்தாற்போல உலகத்தில் இன்னொருத்தி இருக்கிறாள். குவென்னா. எனக்குச் சில நிமிடம் முன்னால் பிறந்தவள், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டை. வடக்கே பண்டபர்க் ஊரில், திறந்தவெளி நீச்சல் குளத்தில் முதுகை வெயிலுக்குக் கொடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறாள்.

அந்தக் கட்டி எங்களிடம் வந்த வாரம் அவள் மீன் பிடிக்கப் போவதாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. போன் செய்தேன். பின்னணியில் பிள்ளைகள் தண்ணீரை அடிக்கும் சத்தம்.

"மீன் பிடிக்கப் போறேன்னு சொன்னியே, அந்த வாரம் எங்க போன?"

"யாருடி சொன்னா உனக்கு?"

"உன் கட்டி சொல்லிச்சு."

"முதுகுல ஒரு மச்சம், அவ்வளவுதான். உங்க ஊருக்கு வந்துதான் வெட்டிக்கிட்டேன். சுத்தமா எடுத்தாச்சுன்னாங்க. உங்கிட்ட சொன்னா உடனே நூத்துல எத்தன பேரு பொழைப்பாங்கன்னு கணக்குப் படிப்பே. மச்சத்தோட உன் பயத்தையும் சேத்து எவ சுமக்கறது?"

"ஆராய்ச்சிக்கு ஏன் குடுத்தே?"

"கேட்டாங்க, குடுத்தேன். உன்ன மாதிரி ஆளுங்களுக்குத்தானே போகுது, உனக்கே உதவுனாலும் உதவட்டும்னு. ஏன்டி, தப்பா?"

கட்டைவிரலைப் பார்த்தேன். ஊசி இறங்கிய இடத்தில் கடுகளவு கறுப்பு இருந்தது. உறைந்த ரத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மச்சத்தையும் அளக்கிறவள், இதை மட்டும் அளக்கவில்லை. இப்போது அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது.

"மெரின்? அழறியா? என்னடி ஆச்சு?"

சொன்னேன். "அங்கேயே இரு, வர்றேன்" என்றாள்.

அன்று சாயங்காலமே காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள், தலைமுடியில் குளத்து மருந்து வாடை போகாமல். வாசலிலேயே நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"தொட்டா இன்னும் ஏதாவது ஒட்டிக்குமா?"

"லூசு, தொட்டா ஒட்டாது. உள்ள வா."

"அடுத்தவங்க செல்லு நிலைக்காதுன்னு சொன்னவளும் நீதானே" என்றாள். அவள் உள்ளே வரவே கொஞ்ச நேரம் ஆனது.

அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் பபடாகிஸ் அந்தப் புள்ளியை மட்டும் எடுக்கவில்லை. ஓரம் விட்டு, மேல் கணு வரைக்கும் விரலையே எடுத்துவிட்டார். எடுத்ததில் ஒரு துளியை எங்கள் கூடத்துக்கு அனுப்பி ஒப்பிடச் சொன்னார். டார்சி வீட்டுக்கே வந்து முடிவைச் சொன்னான். கெட்டுப்போன இடங்கள் ஒன்றுவிடாமல் பொருந்தின. குவென்னாவின் கட்டிதான். உயிரோடு இருந்தது, வளர்ந்துகொண்டும் இருந்தது. என் உடம்பு அதை அடிக்கவேயில்லை. அக்காதானே வந்திருக்கிறாள் என்று பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தது.

வேறெங்காவது போயிருக்கிறதா என்று இரண்டு பேருக்குமே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். ஒரே காலையில், ஒரே வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

"பொறக்கறப்ப நான் முந்துனேன். இப்ப நீ முதல்ல போ" என்றாள்.

"மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்ன?"

அவள் வாயால் அதை நான் அதுவரை கேட்டதில்லை. எங்கள் வீட்டில் பயப்படுவது என் வேலை, சிரிப்பது அவள் வேலை. திரும்பிப் பார்த்தேன். என் முகம்தான், கண்ணாடி முன் ராத்திரி நான் பார்க்கும் அதே முகம், அதே பயத்தோடு உட்கார்ந்திருந்தது.

நர்ஸ் கதவைத் திறந்து குவென்னாவின் பெயரைக் கூப்பிட்டாள். அவள் எழுந்திருக்கவில்லை. கட்டுப் போட்ட என் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். நர்ஸ் மறுபடியும் கூப்பிட்டாள்.