பம்பாய் வந்துவிட்டான்

மூட்டை சுமந்து சுமந்து ரோச்சின் பிடரியில் காய்த்திருந்த முண்டு, சவப்பெட்டிக்குள் தலையை நேராக வைக்க விடவில்லை. பவுல் ஒரு துண்டை மடித்துத் தலைக்கு அண்டக் கொடுத்தான். துறைமுகத்தில் ரோச்சோடு சுமை தூக்கியவன் அவன். இப்போது மீன் கம்பெனியில் ஐஸ் உடைக்கிறான்.

ரோச் வெள்ளிக்கிழமை மாலை செத்துப்போனான். மறுநாளே அடக்கம் என்றார் சாமியார். ரோச்சின் மனைவி ஞானபாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"செபாஸ்டின் வந்து மொகத்தைப் பாக்காம மூடி அடிக்கக் கூடாது."

ஒரே மகன் செபாஸ்டினுக்குக் கப்பலில் எண்ணெய் போடுகிற வேலை. கப்பல் ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்தில் நின்றது. தெருவில் போன் இருந்தது காசிலிங்கம் அண்ணாச்சி கடையில் மட்டும்தான். சனிக்கிழமை அதில் தகவல் வந்தது. கப்பல் கம்பெனியே விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டது. அன்று இரவு ஏறுகிறான்.

"அது எம்புட்டுத் தூரம் அண்ணாச்சி?" என்று கேட்டாள் ஞானபாய்.

"நாலாயிரம் மைலுக்கு மேல இருக்கும்."

"கப்பல்ல போய்ச் சேர ஒரு மாசம் ஆச்சுன்னு எழுதியிருந்தானே."

"பிளேனுக்கு ஒரு ராத்திரிதான் தாயி. விடிஞ்சா வந்து எறங்கிருவான்."

ஒரு ராத்திரிதானே என்று சாமியாரும் விட்டுக்கொடுத்தார். பவுல் ஐஸ் பார்களைச் சாக்கில் சுற்றித் தலையில் கொண்டுவந்தான். கட்டையால் உடைத்து, மரத்தூள் கலந்து, பெட்டியைச் சுற்றி அணைத்தான். தண்ணீர் வீடெங்கும் ஓடியது. பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள்.

ஞாயிறு பூசை முடிந்த நேரம் போன் வந்தது. பம்பாய் வந்துவிட்டான். தெருவே மூச்சு விட்டது. கடலில் போய்வருகிற ஜனம். கரை ஏறிவிட்டால் வீடு வந்துவிட்ட மாதிரிதான். மகன் குளிக்க ஞானபாய் வெந்நீர் போடச் சொன்னாள்.

மத்தியானம் தாண்டியது. வாடை வர ஆரம்பித்தது. பவுல் கடைக்குப் போனான்.

"எங்க அண்ணாச்சி ஆளைக் காணோம்?"

காசிலிங்கம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மெட்ராஸ் பிளேன்ல சீட்டு இல்லையாம். ரயில்ல வாரான். புதன்கிழமை காலைலதான் இங்கன வந்து சேருவான்."

"இதை அப்பவே சொல்லுததுக்கென்ன?"

"ஒரு ராத்திரின்னு சொன்னவனே நான்தானலே. பிளேனைக் கணக்குப் பாத்தேன், ரயிலைப் பாக்கல. ஞானபாய் வெந்நீர் போடச் சொல்லுதா. என்னன்னு போய்ச் சொல்ல?"

பவுல்தான் போய்ச் சொன்னான். ஞானபாய் அழவில்லை.

"அம்புட்டுக் கடலுக்கு ஒரு ராத்திரி. பம்பாய்ல இருந்து இங்கன வர மூணு ராத்திரியாலே?"

"ஆமா மதினி."

"இன்னும் ஐஸ் போட்டா தாங்காதா?"

"மீனா இருந்தா இதுக்குள்ள அள்ளிக் கொட்டியிருப்போம் மதினி." சொன்ன பிறகு பவுல் தலை குனிந்துகொண்டான்.

அவள் கோபப்படவில்லை. ரோச்சின் நெற்றியில் ஒட்டியிருந்த மரத்தூளை முந்தானையால் துடைத்தாள். கண்ணோரம் இருந்ததை நகத்தால் எடுத்தாள். தலைக்கு அண்டக் கொடுத்திருந்த துண்டை ஒரு தரம் சரிசெய்தாள். அப்புறம் எழுந்து நின்றாள்.

"மூடியை அடிலே. ஸ்டேஷனுக்கு நான் போய் அவங்கிட்ட சொல்லிக்கிடுதேன்."

பவுல் வாசலைப் பார்த்தான். சாக்குக்குள் ஒரு ஐஸ் பார் உடைக்காமல் கிடந்தது.

"அதைக் கம்பெனிக்கே கொண்டுபோயிரு" என்றாள். "மீனுக்காவது ஆவட்டும்."

பவுல் சுத்தியலை எடுத்தான்.