அவர் படுத்த பக்கம்

…ஆகட்டும், சூடாகாமல் எங்கே போய்விடும், இப்போதுதானே படுத்திருக்கிறாள், அடுப்பில் வைத்த பாத்திரம்கூட வைத்தவுடனே கொதித்துவிடுவதில்லை, இந்த ஃபோம் உடம்புச் சூட்டை முதலில் உள்ளே வாங்கிக்கொள்ளும், அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும் என்று அவரே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், மெத்தைக் கடையில் அத்தனை வருஷம் நின்றவருக்குத் தெரியாததா… மின்விசிறியை நிறுத்தியாயிற்று, ஜன்னலைச் சாத்தியாயிற்று, மேற்கு வெயில் திரைச்சீலையைத் தாண்டி வந்து சுவரில் ஏறிக்கொண்டிருக்கிறது, அவள் சுவரோரமாக, அவர் படுத்த பக்கத்தில், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடப் படுக்காத பக்கத்தில், கைகால் அசைக்காமல் மல்லாந்து கிடந்து வேர்ப்பதற்காகக் காத்திருக்கிறாள். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். உலகமே வேர்க்காமல் இருக்கப் பாடுபடுகிறது, இவள் ஒருத்தி வேர்க்க வேண்டும் என்று தவம் கிடக்கிறாள். ஒரு சொட்டு போதும். வேர்த்தால் அவர் சொன்னது நிஜம், அவருக்கு எதுவும் தெரியாது, மெத்தைதான் சூடு என்று நம்பிக்கொண்டே இருந்துவிட்டார் பாவம், விதி, யாரைக் குற்றம் சொல்ல. வேர்க்காவிட்டால்… அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் மாடி வீட்டுப் பெண் வந்துவிடுவாள். அவள் புருஷனுக்கு முதுகு வலி, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே ஊர் கூட வேண்டியிருக்கிறது, படிக்கட்டில் பார்த்தபோது இவளேதான் வாயைக் கொடுத்தாள், வீட்டில் மெமரி ஃபோம் மேல்மெத்தை ஒன்று சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள், காசெல்லாம் வேண்டாம் என்று. சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தியபிறகுதான் என்ன சொன்னோம் என்றே உறைத்தது. அவர் போனதிலிருந்து அதைச் சுருட்டிக் கயிறு கட்டி அலமாரி மேல் ஏற்றி வைத்திருந்தாள், நிமிர்ந்து பார்த்தால்தானே கண்ணில் படும், நிமிராமலே காலம் தள்ளினாள். கொடுத்துவிட்டால் போயிற்று, அப்புறம் எந்தக் கேள்வியையும் யாரிடமும் கேட்க முடியாது. அதனால்தான் கீழே இறக்கினாள். கயிற்றை அவிழ்த்ததும் அது கட்டில்மேல் தானாக விரிந்துகொண்டது, சோம்பல் முறிக்கிற ஆள்மாதிரி. நல்ல வேளையாக அவள் வேலை பார்க்கிற கிடங்கை இயந்திரங்களைக் கழுவ இந்த வாரம் முழுக்க மூடிவிட்டார்கள், இல்லாவிட்டால் குளிர் ஏறிய உடம்போடு இந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை. குளிர்க்கிடங்கில் உறைந்த காய்கறிப் பொட்டலங்களை அடுக்குகிற வேலை அவளுக்கு, கம்பளிக் கையுறைக்குமேல் ரப்பர் கையுறை, வாயைத் திறந்தால் புகை, வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஆனாலும் விரல் நுனி மரத்தே இருக்கும். அவர் அவளை ஐஸு என்றுதான் கூப்பிடுவார். கடைக்கு யாராவது வந்தால்கூட, "நம்ம வீட்ல ஏசி வாங்கலைங்க, கட்டிக்கிட்டு வந்தோம்" என்பார். மெத்தைக்காரருக்கு வாய்தானே முதல், கட்டாந்தரையைக்கூடத் தட்டிக் காட்டி முதுகுக்கு நல்லது என்று விற்றுவிடுவார்.

அந்த வாயால்தான் அதையும் சொன்னார். ஒரு ராத்திரி எழுந்து உட்கார்ந்திருந்தார், பனியன் பிழிந்தால் சொட்டும்போல இருந்தது, தலையணையில் தலை வைத்த இடம் கருத்துக் கிடந்தது. என்னங்க என்று பதறினாள். "ஒண்ணுமில்ல, தூங்கு, இந்த ஃபோம் மூச்சு விடாது, சூட்ட உள்ளயே வெச்சுக்கும், கடைக்கு வர்றவங்க பாதிப் பேரு இதத்தான் புலம்புவாங்க" என்றார். அப்படியா, சரி, மெத்தைதானே, மெத்தையை ஒரு கை பார்த்துவிடலாம்… அப்படித்தான் ஆரம்பித்தது அந்த யுத்தம். வழவழப்பான விரிப்பை எடுத்துவிட்டுப் பருத்தி விரிப்பு போட்டார்கள், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினார்கள், காலையில் மெத்தையைச் செங்குத்தாக நிறுத்திக் காற்றாட விட்டார்கள், படுக்கும் முன் பச்சைத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டார், மேசை விசிறிக்கு முன்னால் அகலப் பாத்திரத்தில் பனிக்கட்டி வைத்தார்கள், காலையில் அதில் ஒரு பூச்சி நீந்திக்கொண்டிருந்தது. அவள் கிடங்கிலிருந்து, ஏற்றுமதிப் பெட்டிகளுக்குள் குளிர் குறையாமல் இருக்க வைக்கிற நீல ஜெல் பைகளைக் கேட்டு வாங்கிவந்தாள், துண்டில் சுற்றி அவர் கழுத்துக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் வைப்பாள், "என்னையும் ஏற்றுமதி பண்ணப்போறியா?" என்பார், இருவரும் பக்கத்து வீடு விழித்துக்கொள்கிற அளவுக்குச் சிரிப்பார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதை நினைத்தால்தான் இப்போது நெஞ்சை அறுக்கிறது, புருஷன் உருகிக் கரைந்துகொண்டிருந்தான், இவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் வேர்க்கவில்லை. முதுகைத் தொட்டுப் பார்க்கிறாள், வெதுவெதுப்பு இருக்கிறது, அது இருக்கத்தானே செய்யும், எந்த மெத்தையில் படுத்தாலும் அவ்வளவு இருக்கும்… பொறு, அவசரப்படாதே. அப்போதே ஒரு தடவை கேட்டாளே, எனக்கு ஒண்ணும் சூடாத் தெரியலையேங்க என்று. உடனே பதில் வந்தது, யோசிக்கவே இல்லை. "உனக்கெப்படித் தெரியும்? நாள் பூரா குளிர்ல நின்னுட்டு வர்ற, உன் உடம்புக்கு எது சூடு எது குளிர்னு ஒரு நிதானம் இருக்கா?" நியாயமாகத்தான் பட்டது. கொதிக்கிற காப்பியைக்கூட அவள் மடமடவென்று குடிப்பாள். அப்புறம் விசிறி உன் பக்கம் என்றார், ஜன்னலும் உன் பக்கம் என்றார், சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கிறது என்றார். ஒன்றா இரண்டா, எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையிருப்பில் இருந்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார், கடையில் மாடிக்கும் கீழுக்கும் நடை ஜாஸ்தி என்றார். அதையும் கேட்டுக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு, ஒரு வியாதியை முழுசாக மெத்தைக்குள் மறைக்க முடியுமா, மறைத்தாரா, இல்லை அவரும் அதை மெத்தை என்றே நம்பினாரா? அதைத்தான் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள், அதற்குத்தான் இத்தனை கூத்து.

ஆஸ்பத்திரி… வேண்டாம், அங்கே போகவேண்டாம், ஆனால் மனசு பேச்சைக் கேட்கிற ஜாதியா. கழுத்தில் கட்டி வெளியே தெரிந்தபிறகுதான் போனார்கள். இரத்தம் எடுக்கிற அறைக்குப் போங்கள் என்றாள் முன்னறைப் பெண், அவளுக்குத் தெரிந்து அவர் கால் வைத்தே இராத அவ்வளவு பெரிய கட்டடம், நாலாபக்கமும் நடைவழி, அவர் யாரையும் வழி கேட்கவில்லை, பலகையைப் படிக்கவில்லை, இடதுபக்கம் திரும்பி, மறுபடி திரும்பி, சின்னப் படி இறங்கி நேராகப் போய் நின்றார். அன்றைக்கு அவள் அதைப் பார்த்தாள், இவருக்கு எப்படி வழி தெரியும் என்று தோன்றவே இல்லை. டாக்டர், ராத்திரியில் வேர்க்கிறதா என்று கேட்டார். "அது மெத்தை டாக்டர்" என்றார் இவர். டாக்டர் அவரையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், பேனாவை மூடித் திறந்து மூடினார். பிறகு வேறொரு நாள் அவளிடம் தனியாக, நிணநீர்ப் புற்றும்மா, ராத்திரி வேர்வை அதோட அடையாளம்தான், கொஞ்சம் முன்னாடியே வைத்தியம் ஆரம்பிச்சிருந்தா நிலைமை வேற மாதிரி இருந்திருக்கும் என்றார். எவ்வளவு முன்னாடி? கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார், அதனால்தான் கேட்கவில்லை.

கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மெத்தை சூடாகிறது, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது வந்தால் அவர் சண்டை போடமாட்டார், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, ஒரே ஒரு காரியம் பண்ணுங்கள் என்பார், ரெண்டு ராத்திரி புருஷன் பெண்டாட்டி பக்கம் மாறிப் படுங்கள். சூடு மெத்தையிலேயே நின்றால் மெத்தைக் குற்றம், வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறோம். சூடு ஆளோடு கூடவே போனால் அது உடம்புச் சூடு, மெத்தைமேல் பழி போடாதீர்கள். முக்கால்வாசிப் பேர் திரும்பி வருவதில்லை, அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் வந்து சிரிப்பார். ஒரு நாள் அவளே சொன்னாள், நல்ல யோசனை கண்டுபிடித்தவள்மாதிரி சொன்னாள், ஏங்க, கடைக்கு வர்றவங்களுக்குச் சொல்றீங்களே, நாமளும் பக்கம் மாறிப் படுத்துப் பாத்துடுவோமே. விரிப்பை உதறிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "வேண்டாம்." ஏன்? "வேண்டாம்னா வேண்டாம், எனக்குச் சுவர் ஓரம் இல்லாட்டி தூக்கம் வராது, தெரியாதா உனக்கு?" அதட்டல்கூட இல்லை, கெஞ்சல்போல இருந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்று கேலி பண்ணிவிட்டு அவள் தன் பக்கமே படுத்து, படுத்தவுடன் தூங்கியும்போனாள். அவள் தூங்கினாள்! ஊருக்கெல்லாம் சொன்ன அந்த ஒரு சோதனையைத் தன் வீட்டில் மட்டும் செய்யமாட்டேன் என்றவரை, ஏன் என்று இன்னொரு தடவை கேட்காமல் தூங்கினாள். அவள் இந்தப் பக்கம் படுத்திருந்தால் ஒரே ராத்திரியில் குட்டு உடைந்திருக்கும். அதை அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

அம்மா போன பிறகு… ஆமாம், அம்மா. மூன்று வருஷம் தன் அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகத் தூக்கிச் சுமந்தாள், வேலை, ஆஸ்பத்திரி, வேலை, ஆஸ்பத்திரி, தன் முகமே கண்ணாடியில் அடையாளம் தெரியாமல் போயிற்று, எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று அவர் தோளில் சாய்ந்து சொன்னாள், இன்னொரு தடவை அந்த வாசலை மிதிச்சா நான் செத்துடுவேங்க. அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு நாள் இந்த மேல்மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தார், மூச்சு இரைத்தது, தூக்கித் தூக்கி உன் முதுகு போயிடுச்சு, இனிமே இதுல படு என்றார். அப்போதே மூச்சு இரைத்ததா? வேர்வை அதற்கப்புறம்தானே… அப்புறம்தானா? பழைய மெத்தையில் ஒரு தடவை, மழை நாளில், பனியனை மாற்றிக்கொண்டு நின்றாரே, குளிர்ந்த இருட்டில், அலமாரிக் கதவு சத்தம் கேட்டு என்ன என்று அவள் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாரே, அது எப்போது? மெத்தை முதலில் வந்ததா, வேர்வை முதலில் வந்ததா? யோசி, யோசி… வரமாட்டேன் என்கிறது. அவள் முதுகுக்காக வாங்கினாரா, இல்லை பழியைப் போட ஒரு ஆள் வேண்டும் என்று தோளில் தூக்கிக்கொண்டு வந்தாரா? அட பாவி மனுஷா, நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேனே, மனசு விட்டுப்போய் ஒரு வார்த்தை சொன்னேனே, அதையா பிடித்துக்கொண்டீர், உமக்காக நூறு தடவை அந்த வாசலை மிதித்திருப்பேனே, அங்கேயே பாய் போட்டுப் படுத்திருப்பேனே… என்று அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுகிறாள், அழுதாலாவது உடம்பு சூடேறுமே, ஏறவில்லை, கன்னத்துக்குக் கீழே ஃபோம் வெறும் ஃபோமாக, இதமாக, நிழலில் கிடந்த தலையணைபோலக் குளுமையாகவே இருக்கிறது.

அழைப்புமணி அடிக்கிறது. முகத்தைக் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தால் மாடி வீட்டுப் பெண், பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் புருஷன், முதுகு வலிக்காரனைச் சுமை தூக்கக் கூட்டிவந்திருக்கிறாள், கெட்டிக்காரி. உள்ளே வந்தாள், கட்டிலைப் பார்த்தாள், கையால் அமுக்கினாள், மெத்து மெத்தென்று இருக்கே அக்கா என்று முகம் மலர்ந்தாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "தப்பா நினைக்காதீங்க அக்கா, இந்த மாதிரி மெத்தை ரொம்பச் சூடாகும்னு சொல்றாங்களே, நிஜமாவா? இவருக்குச் சூடே ஆகாது" என்றாள்.

இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். மத்தியானம் முழுக்க ஜன்னலைச் சாத்திப் படுத்துப் பார்த்தவள், அவளைவிட உறுதியாக யார் சொல்ல முடியும்? ஆனால் அதை வாய் திறந்து சொல்லிவிட்டால் அந்த ராத்திரிகள், பனிக்கட்டிப் பாத்திரம், ஜெல் பை, சிரிப்பு எல்லாம் என்னவாகும், அவர் தனியாக எதன்மேல் படுத்திருந்தார் என்றாகும்?

"ஆகும்மா" என்றாள். "ரொம்பவே சூடாகும். அவருக்கு ராத்திரி பூரா வேர்த்துக் கொட்டும், பனியன் மாத்தி மாத்தியே விடிஞ்சுடும். எல்லாம் இந்த மெத்தையாலதான். நாங்க பண்ணாத வைத்தியமில்ல. உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை, வேண்டாம்."

ஐயோ அப்படியா, நல்லவேளை கேட்டேன் என்றாள் மாடி வீட்டுப் பெண், முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்கிற கேள்வி முகத்தில் மட்டும் ஓடியது. புருஷன் இடுப்பைப் பிடித்தபடியே திரும்பினான். காலடிச் சத்தம் மாடிக்கு ஏறி, கதவு சாத்தப்பட்டு, அடங்கிப்போயிற்று. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். குரல்கூடத் தடுமாறவில்லை, எங்கிருந்து வந்தது அத்தனை சரளம்? யோசித்துச் சொல்லவில்லையே, திட்டம் போட்டுச் சொல்லவில்லையே, மாடி வீட்டுப் பெண் கேட்டாள், அது பாட்டுக்கு வாயில் வந்துவிட்டது… அந்த ராத்திரி அவர் நனைந்த பனியனோடு எழுந்து உட்கார்ந்திருந்தபோது, என்னங்க என்று அவள் பதறிக் கேட்டபோது, அவருக்கும் இப்படித்தான் வந்திருக்குமோ?