நாறும்பூநாதனுக்கு எத்தனை மார்க்?

1

இது கதையாகப் பிறக்கவில்லை, கட்டுரையாகப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே பேராசிரியராக இருக்கும் என் நண்பர் கார்த்திகேசன் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார். தலைப்பையும் அவரே தந்தார்: 'இளைஞர்களும் குழுப்பணியும்'. நான் வேறொரு கல்லூரியில் இருபத்தாறு வருடமாகப் பாடம் நடத்துகிறேன், கதையும் எழுதுகிறேன். ஆகவே இளைஞர்களைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் எழுத எனக்கு இரட்டைத் தகுதி உண்டு.

ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். கடைசி வரி: 'இக்கால இளைஞர்களுக்குக் குழுவாக வேலை செய்யத் தெரியாது.' உதாரணம்தான் கிடைக்கவில்லை. மறுநாள் அதே கல்லூரியில் இறுதியாண்டுப் புராஜெக்ட் தேர்வு. நான் வெளித் தேர்வாளர். அங்கே ஒன்றைப் பிடித்துவிடலாம் என்று பஸ் ஏறினேன்.

2

தாமிரபரணி சலசலத்து ஓடும் அந்தக் காலை வேளையில்—

(அடித்துவிட்டேன். பஸ் பாலத்தைத் தாண்டும்போது நான் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

நான்கு இளம் உள்ளங்கள், நான்கு கனவு—

(இதையும். ஆண்டு மலர் வாடை அடிக்கிறது.)

2, மறுபடியும்

நான்கு பேர்: சுப்ரஜா, சிவகணேஷ், ஸ்வீட்லின், நாறும்பூநாதன். ஏரலில் ஆற்றுத் தண்ணீர் ஏறினால் கரையோர வீடுகளின் போன்களில் மணியடிக்கும் கருவி ஒன்றைச் செய்திருந்தார்கள். மூன்று பேர் வாளியில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார்கள். அடித்தது. நாலாவது ஆள் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

அதோடு விட்டிருந்தால் மத்தியானச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைத்திருக்கும். ஆனால் குழுப்பணிக்குத் தனி மார்க் உண்டு. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, யார் என்ன செய்தது என்று கேட்க வேண்டும். (குழுவாக வேலை செய்தார்களா என்பதைத் தனித்தனியாக விசாரிக்கச் சொன்னதும் ஒரு குழுதான்.) அதில் நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே போனால் பட்டம் கிடையாது. அடுத்த வருடம் மறுபடி எழுத வேண்டும்.

"புரோகிராம் யாரும்மா எழுதினது?"

"நாறும்பூ சார். நான் சும்மா டைப் அடிச்சேன்" என்றாள் சுப்ரஜா.

அடுத்து சிவகணேஷ். "மிதவை, சர்க்யூட் எல்லாம் நாறும்பூ செஞ்சதுதான் சார். நான் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

ஸ்வீட்லினும் அதையேதான் சொன்னாள். "ஏரல்ல வீடு வீடாப் போயி நம்பர் வாங்குனது நாறும்பூ சார். எனக்கு வெயிலு ஒத்துக்காது."

ஒருவன் மாடாக உழைத்திருக்கிறான், மூன்று பேர் உட்கார்ந்து தின்றிருக்கிறார்கள். என் கட்டுரைக்கு இதைவிட என்ன வேண்டும்? மூன்று சைபர்களை மனதுக்குள் அழகாக வரைந்துகொண்டேன்.

* ஓர் அடிக்குறிப்பு: ஸ்வீட்லினின் காலைக் கவனித்தேன். கறுத்த பாதத்தில் செருப்பு வார் பட்ட இடம் மட்டும் வெளுத்திருந்தது. வெயில் ஒத்துக்கொள்ளாதவளின் கால் இல்லை அது. கதாசிரியன் அங்கேயே பிடித்திருக்க வேண்டும். எனக்குப் பசி.

3

நாறும்பூநாதன் கையில் பிளாஸ்க்கோடு வந்தான்.

"எல்லாம் நீதான் செஞ்சியாமே?"

விழித்தான். "இல்ல சார். நான் ஒண்ணுமே செய்யல. மூணு மாசமா இங்கன வரவே இல்ல. அம்மாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துட்டு. பெரியாஸ்பத்திரியில நான்தான் கூட இருக்கேன். அவங்க மூணு பேருந்தான் சார் செஞ்சாங்க."

(முதல் வரைவில் இவனைக் கிரிக்கெட் பார்க்கும் சோம்பேறியாக எழுதியிருந்தேன். வசதியாக இருந்தான்.)

நாலு பேரையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டேன். தலைகுனிவார்கள் என்று பார்த்தால், சண்டை பிடித்தார்கள்.

"ஏ சிவா, புரோகிராம மட்டும் அவன் பேருல சொல்லுவோம்னு நான் இருந்தேன். நீ எதுக்கு சர்க்யூட்டையும் தூக்கிக் குடுத்த?" என்றாள் சுப்ரஜா.

"நீ குடுக்கப் போறன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? குரூப்புல ஒரு வார்த்த போட்டியா?"

"குரூப்புல அவனும்லா இருக்கான்!"

"இன்னொரு குரூப் ஆரம்பிக்க வேண்டியதுதான?"

"அவன் இல்லாம குரூப் ஆரம்பிக்க எனக்கு மனசு வரல" என்றாள் ஸ்வீட்லின். மற்ற இருவருக்கும் அந்த மனசு வந்திருக்கவில்லை.

நாறும்பூநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்காகப் பொய் சொல்லுங்கன்னு நான் கேட்டேனா? என்னய ஒரு வார்த்த கேட்டியளா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவலே" என்றான் சிவகணேஷ். "ஜூன்ல ஓசூர்ல வேலைக்குச் சேரணும்லா. இதயும் விட்டுட்டு அம்மாவ எப்பிடிப் பாப்ப?"

எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்த ஐம்பத்துநாலு வயது வரைக்கும் எனக்காகப் பொய் சொல்ல ஒருவரும் முன்வந்ததில்லை.

4

இப்போது சங்கடம் என்னவென்றால், என் கட்டுரையின் கடைசி வரியை அடிக்க முடியவில்லை. இவர்களுக்குக் குழுவாக வேலை செய்யத் தெரிந்திருந்தால் ஆளுக்கு ஒரு கால் பங்கை அளவாக அவனுக்குக் கொடுத்து, அவனையும் சம்மதிக்க வைத்திருப்பார்கள். நானும் நம்பி, ஐம்பதோ அறுபதோ போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். தெரியவில்லை. அதனால் உண்மை என் மேசைக்கு வந்துவிட்டது.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) விதிப்படி நாறும்பூநாதனுக்கு சைபர். நாலு பேரில் உண்மை சொன்னவனுக்கு மட்டும் ஒரு வருடம் போகும்.

ஆ) நாலு பேருக்கும் நூறு. நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். ஆனால் போன வாரம் வேறொரு கல்லூரியில், இதேபோல் வராத ஒரு பெண்ணுக்கு முப்பது போட்டுவிட்டு வந்தேன். ஏன் வரவில்லை என்று அவளிடம் நான்—

இ) கார்த்திகேசனிடம் கேட்பது. அவர் உள் தேர்வாளர்; மார்க் தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

மூன்றாவதையே செய்தேன். ஆசிரியர் அறையில் அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். முழுக் கதையையும் நிதானமாகக் கேட்டார்.

"பாவம்லா" என்றார். பிறகு தாளை வாங்கி, கட்டங்கள் காலியாக இருக்கும்போதே அடியில் கையெழுத்துப் போட்டார். "நீரு என்ன போட்டாலும் எனக்குச் சம்மதம் வே."

5

திரும்பி வந்து மூன்று கட்டங்களில் தொண்ணூறு போட்டேன். நாலாவதில் பேனாவை வைத்தபோது கதவு திறந்தது.

"சார், அம்மாவுக்கு ஒரு மணிக்குக் கஞ்சி குடுக்கணும். போகட்டுமா?"

"போப்பா" என்றேன். மார்க்கைப் பற்றி அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மணி ஒன்றாகப் போகிறது. தாளை வாங்கிப் போக அலுவலகத்திலிருந்து ஆள் வந்து நிற்கிறார். கார்த்திகேசன் பெயருக்குப் பக்கத்தில் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாலாவது கட்டத்தை மட்டும் உங்களுக்கு விட்டிருக்கிறேன். என்ன போட்டாலும் எனக்குச் சம்மதம். நாமெல்லாம் ஒரு குழுதானே.