ஜின்செங் வேரும் மதியச் சாப்பாடும்

பேத்தி டெஸ்ஸா பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு வரிசையில் வாங்கிய சூடான தட்டைக் காசு கட்டவில்லை என்று கல்லாவிலேயே பிடுங்கிக் குப்பையில் கொட்டிவிட்டார்கள். பதிலுக்கு ரொட்டிக்கு நடுவே ஒரு துண்டு சீஸ். பிள்ளை வீட்டுக்கு வந்து அழுதது. மறுநாள் எல்மோ காடில் பள்ளிக்கூட அலுவலகத்துக்குள் நுழைந்தார். மகள் விட்டுவிட்டு ஓடிய பிள்ளை. வளர்ப்பது அவர்தான்.

"இலவசச் சாப்பாடு உங்களுக்குக் கிடையாதுன்னு லெட்டர் போட்டோமே, பெரியவரே," என்றாள் அலுவலகத்து ரோவீனா.

"வந்துச்சு. அடுப்புல போட்டுட்டேன். குப்பையில கொட்டுவீங்க, பிள்ளைக்குத் தரமாட்டீங்க. அதானே?"

"சட்டத்த நான் எழுதல." அவள் மனுவை எடுத்துப் பார்த்தாள். "பென்ஷன் சரி. அதுக்குக் கீழ மூவாயிரம் டாலர், மாசாமாசம்னு குறிச்சிருக்கீங்க. இது எங்கேருந்து வருது?"

செப்டம்பரில் எல்மோ காட்டில் ஜின்செங் என்ற விலை உயர்ந்த மருந்து வேரைத் தோண்டி விற்ற பணம் அது. அந்த மாதம் வந்தது, அதனால் மாதக் கட்டத்தில் எழுதினார். மறைத்தால் அரசாங்கம் ஜெயிலில் போடும். ஆனால் கென்டக்கி மலையில் ஜின்செங் என்று வாயைத் திறந்தவனுக்குப் பின்னால் மறுநாளே நாலு திருடர்கள் காட்டுக்குள் வருவார்கள். அதில் முதல் ஆள் ரோவீனாவின் மச்சான்.

"எங்கேருந்து வந்தா உனக்கென்ன?"

"தெரிஞ்சாத்தானே கணக்கப் பாக்க முடியும்."

"தெரிஞ்சு மச்சான்கிட்ட சொல்லவா?"

"அவன் எங்க இதுல வந்தான்? வாய அடக்கிப் பேசுங்க! சொல்ல இஷ்டமில்லன்னா கெளம்புங்க. இன்னிக்கும் அவளுக்கு ரொட்டிதான்."

வெளியே மணி அடித்தது. பிள்ளைகள் சாப்பாட்டுக்கூடத்துக்கு ஓடினார்கள். எல்மோ கதவை ஒருமுறை பார்த்தார்.

"ஜின்செங்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "வருஷத்துல ஒரு தடவ. போதுமா?"

"அட, இதச் சொல்லவா இந்தப் பாடு? வருஷத்துக்குன்னு மாத்தினா முழு இலவசமே கிடைக்குமே." அவள் அடித்து எழுதி மனுவைத் தள்ளினாள். "பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி போட்டார். "எந்த மலைன்னு கேக்கலியே?"

"எனக்கெதுக்கு?"

"அதான் எனக்கும் புரியல."

"ஒரு வாரத்துல லெட்டர் வரும். போயிட்டு வாங்க."

எல்மோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்பவே சமையக்கட்டுக்குப் போன் போடு. போடுற வரைக்கும் நகரமாட்டேன்."

"கெழட்டுக் கழுதை," என்று முணுமுணுத்தபடியே ரோவீனா போனை எடுத்தாள்.

நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய் சாப்பாட்டுக்கூட வாசலில் நின்றார். டெஸ்ஸா ஆவி பறக்கும் தட்டோடு கல்லாவைத் தாண்டினாள். யாரும் பிடுங்கவில்லை. முதல் வாய் உள்ளே போகும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

அன்று ஜின்செங் விளையும் மலைப்பாதைப் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. பின்னால் யார் வருகிறார்கள் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நேராக வீட்டுக்குப் போனார்.