தினமும் திறந்த பக்கம்

என் ஓரகத்தியின் பெயரை நான் முழுதாக அடிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு எழுத்தைத் தட்டினாலே மீதியைக் கணினி தானே நிரப்பிவிடும். அந்த அளவுக்கு அதைப் பழக்கி வைத்திருந்தேன்.

அண்ணனைக் கட்டியவள் நான், தம்பியைக் கட்டியவள் அவள். ஒரே வீடு, ஒரே மாமியார். போதாக்குறைக்கு வேலையும் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில். ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பார்த்துத் தண்ணீர் கெட்டுவிட்டதா இல்லையா என்று சொல்வது என் தொழில். சின்னவள் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் மரபணுவைப் படிப்பவள். எனக்கு முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், அவளுக்கு வெள்ளைக் கோட்டு. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது மாமியார் என்னிடம், "பூட்ஸை வெளியிலயே விட்டுடு" என்பார். பின்னாலேயே வரும் அவளிடம், "முகமெல்லாம் வாடிப் போச்சேம்மா" என்பார்.

எங்கள் நிலையத்து நூலகத்தில் இப்போது புத்தகம் கிடையாது. ஒரு நூலகர் இருக்கிறார், நாலைந்து கணினி இருக்கிறது, சந்தா கட்டிய இணையத் தளங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று பூச்சிக் களஞ்சியம். பூச்சிகளைப் பற்றி அந்தக் காலத்திலிருந்து வந்த ஆய்விதழ்களை எல்லாம் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு இளம்பூச்சியின் செவுள் எப்படி இருக்கும் என்று யாரோ கையால் வரைந்து வைத்த படம் அங்கேதான் கிடைக்கும். அந்தப் படத்தோடு ஒப்பிடாமல் என்னால் எந்தப் பூச்சிக்கும் பெயர் சொல்ல முடியாது. இன்னொன்று மேற்கோள் தளம். யார் கட்டுரையை யார் எடுத்துக்காட்டினார்கள் என்று கணக்கு வைப்பது அதன் வேலை. ஒவ்வொரு ஆராய்ச்சியாளருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. மேலே புகைப்படம், கீழே ஒரு வரைபடம்.

சின்னவளின் வரைபடம் மாடிப்படி மாதிரி ஏறும். என்னுடையது பெருக்கித் துடைத்த தரை.

காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் பக்கத்தைத்தான் திறப்பேன். நேற்றைக்கு இன்று ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஏறித்தான் இருக்கும். யார் எடுத்துக்காட்டினார்கள் என்று அந்தக் கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகத் திறப்பேன். ஒருவராவது "இந்த முடிவு சந்தேகத்துக்குரியது" என்று எழுதியிருக்க மாட்டாரா என்று அடிக்குறிப்புவரை தேடுவேன். ஒரு புண்ணியவானும் எழுதவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை போவேன். வயிற்றெரிச்சல் என்று தெரிந்தே போவேன்.

என் களஞ்சியத்தை அப்படித் திறப்பதில்லை. தேவைப்பட்டால் போவேன், படத்தைப் பார்ப்பேன், வந்துவிடுவேன். நகை பீரோவில் இருக்கிறதா என்று தினமும் யார் பார்க்கிறார்கள்? இருக்கிறது என்ற தைரியம் போதாதா?

ஒருநாள் காலை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சின்னவள் கேட்டாள்.

"அக்கா, நூலகக் குழுவிலேர்ந்து வந்த மெயிலை உங்களுக்கு அனுப்பியிருந்தேனே, பாத்தீங்களா?"

நூலகக் குழுவிலும் அவள் இருந்தாள். எதில்தான் இல்லை.

"பாத்தேன், பாத்தேன்," என்றேன்.

பார்க்கவில்லை. அவள் பெயரில் வரும் மெயில் எதையும் நான் திறப்பதில்லை. அவள் பெருமையை நானாகத் தேடிப் போய்ப் பார்ப்பேன். அவளாகக் கொண்டுவந்து நீட்டினால் வாங்க மாட்டேன். மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"அப்ப சரிக்கா. நீங்களும் விடாம பாத்துக்கங்க. நானும் என்னால முடிஞ்சதைச் செய்றேன்."

"செய், செய்."

மழைக்காலம் முடிந்து, நான் சேகரித்து வந்த பூச்சிகள் புட்டிகளில் பெயருக்காகக் காத்திருந்த நேரத்தில், இயக்குநர் எல்லோரையும் கூட்டினார். இரண்டு தளத்தில் ஒன்றுக்குத்தான் இனிமேல் சந்தா என்றார்.

"எதை நிறுத்தறதுன்னு நான் முடிவு பண்ணலை. நீங்கதான் பண்ணியிருக்கீங்க. எதை அதிகமா திறந்தீங்களோ அது இருக்கும். மேற்கோள் தளம் இருக்கு. களஞ்சியம் இந்த மாசத்தோட சரி."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன்.

"ஒண்ணு வேலை பாக்கறதுக்கு, இன்னொண்ணு பெருமை பாக்கறதுக்கு. பெருமை பாக்கறவங்களுக்குத்தான் இங்க காலமா, சார்? யாரு அதையே திறந்துட்டு உக்காந்திருந்தது?"

சின்னவளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். அறை முழுக்க அவளைப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

நூலகர் மட்டும் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேரைச் சொல்ற வழக்கம் நமக்கு இல்ல," என்றார்.

கூட்டம் முடிந்ததும் அவரைப் பின்தொடர்ந்து நூலகத்துக்கே போனேன்.

"எந்தக் கணினின்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். விடுங்க மேடம்."

"அவதானே?"

அவர் பெருமூச்சு விட்டார். "காலைல ஒரு தடவை, சாப்பிட்டு வந்து ஒரு தடவை. ஒருநாள் தவறினதில்ல. ஏதோ பெரிய ஆராய்ச்சி நடக்குதுன்னு நினைச்சேன். பூச்சி ஆய்வகத்துல உங்களைத் தவிர வேற யாராவது உக்காருவாங்களா?"

"பூச்சிங்கதான்," என்றேன்.

"களஞ்சியம் தோத்ததும் கொஞ்சத்துலதான் மேடம். மண் ஆய்வகத்துலேர்ந்து ஒருத்தங்க தினமும் அதைத் திறந்துட்டிருந்தாங்க. மண்ணுக்கும் நீர்ப்பூச்சிக்கும் என்ன சம்பந்தம்னுதான் எனக்குப் புரியல."

எனக்குப் புரிந்தது. அங்கேயே ஒரு கணினியில் உட்கார்ந்து, திறக்காமல் போட்டிருந்த அந்த மெயிலைத் திறந்தேன். எது அதிகம் திறக்கப்படுகிறதோ அதைத்தான் வைத்துக்கொள்வார்களாம், தினமும் களஞ்சியத்துக்குள் போய் வாருங்கள், நானும் போகிறேன் என்று சின்னவள் எழுதியிருந்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் அலுவலக நேரத்தில் செய்திருக்கிறேன்.

வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் பொறாமைதான் வந்தது. கட்டுரையில் ஜெயித்தாள், சரி. மாமியாரிடம் ஜெயித்தாள், போகட்டும். நல்லவளாக இருப்பதிலாவது எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கக் கூடாதா?

அன்று சாயங்காலம் சமையலறையில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் நடந்ததை அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக் கத்தியதை மட்டும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"என்கூட படிச்சவ ஒருத்தி வெளியூர்ப் பல்கலைக்கழகத்துல இருக்காக்கா. அங்க களஞ்சியம் இருக்கு. எந்தப் படம் வேணும்னு எங்கிட்ட சொல்லுங்க, வாங்கித் தர்றேன்."

இனி ஒவ்வொரு பூச்சிக்கும் அவளிடம் கை நீட்ட வேண்டும். தலையை ஆட்டினேன்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியலக்கா," என்றாள், கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. "அந்த மேற்கோள் தளத்துக்கு நானே எப்பவாவதுதான் போவேன். யாரு அப்படிப் பழியா கிடந்திருப்பாங்க?"

"யாரோ வேலையத்தவ," என்றேன்.

மாமியார் சட்டென்று நிமிர்ந்தார். என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"எவளா இருந்தா என்ன? எம் பெரிய மருமக பொழப்புல மண்ணள்ளிப் போட்டவ நல்லா இருப்பாளா? அவ வயிறு எரிஞ்சே சாவா, பாரு."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என் பக்கம் பேசியது அன்றுதான். கையை அவர் விடவே இல்லை.